குவோப்பியோவை ஏன் மறந்துவிடுகிறோம்?

பொது சுகாதாரப் பாடத்தில் 'திட்டமிடலும் மதிப்பீடும்' என்று வந்தாலே பின்லாந்தின் வட கரேலியாவைக் காட்டாமல் விடமாட்டார்கள். நடுவயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த மாகாணம். 1971-ல் அங்கிருந்து அரசுக்கு மனு போகிறது. 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் திட்டம் தொடங்குகிறது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு விகிதம் 80 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. கைதட்டல், அடுத்த ஸ்லைடு.

நானும் கைதட்டியவன்தான். பயிற்சிக்காக ஒரு மதிப்பீட்டுத் திட்டம் எழுத உட்கார்ந்தபோதுதான் ஸ்லைடில் இல்லாத ஊர் கண்ணில் பட்டது. குவோப்பியோ. பக்கத்து மாகாணம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே தேர்ந்தெடுத்தது. 1972-லும் 1977-லும் இரண்டு இடத்திலும் புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாம் அளந்தார்கள். தொடங்கும்போதே இப்படி யோசித்ததற்கு ஒரு சலாம் போடலாம்.

முதல் ஐந்து வருடத்தில் வட கரேலியா முந்தியது. ஆனா குவோப்பியோவும் சும்மா இருக்கலை, அங்கேயும் குறைந்தது. 1976-ல் நாட்டுக்கே புகையிலைச் சட்டம். 1977-க்குப் பிறகு திட்டம் நாடு முழுக்கப் போனது, டிவியில் புகைப்பதை விடச்சொல்லும் நிகழ்ச்சிகள் வந்தன. இதற்கப்புறம் எந்த ஊரை எதோடு ஒப்பிடுவது?

ஆகவே அந்த 80 சதவீதம் முழுக்க அந்த ஒரு மாகாணத் திட்டத்தின் கணக்கில் சேராது. அதற்காக 'பார்த்தீங்களா, பலனே இல்லை' என்பது அதைவிடச் சோம்பேறித்தனம். பரப்புரை நன்றாக வேலை செய்தால் எல்லை தாண்டும்; தாண்டினால் நிரூபிப்பது கஷ்டமாகும். ரெண்டும் சேர்ந்தேதான் வரும்.

என் குறை வேறு. திட்டத்திலிருந்து நேரே மரணக் கணக்குக்குத் தாவுகிறோமே, நடுவில் நடந்தது எங்கே? அது பால்பண்ணை நாடு. வெண்ணெயைக் குறை என்றால் விவசாயி வயிற்றில் அடிப்பது. மார்த்தா என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகச் சமையல் கூட்டங்கள் போட்டார்கள். பால் விவசாயிகள் பெர்ரி பயிருக்கு மாற உதவும் திட்டம் பின்னால் வந்தது. யாரிடம் பேசினார்கள், யார் முறைத்தார்கள், எந்தக் கடையில் என்ன மாறியது, இதெல்லாம் எண்ணக்கூடிய விஷயம்தானே? இதயம் மாற வருஷங்கள் ஆகும், ரொட்டியில் தடவுவது அடுத்த மாசமே மாறலாம்.

என் திட்டம் ஒரு ஊரில் உப்பைக் குறைப்பது பற்றியது. 'மாரடைப்பு குறையும்' என்ற வரியை அடித்துவிட்டேன். அங்கே இப்போது இருப்பது: முதல் ஆறு மாதத்தில் எத்தனை ஓட்டல்கள் மேஜையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்தன?