கணிப்பொறி மொழி ஆசிரியர் ஆகுமா?

ஆங்கிலம் பேச வேண்டிய இடத்தில் வாய் திறக்கத் தயங்கி நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? இலக்கணம் தெரியும், சொற்களும் தெரியும். ஆனால், 'தவறாகச் சொன்னால் சிரிப்பார்களே' என்ற அச்சம் நாவைக் கட்டிவிடும். கணிப்பொறியோ சிரிக்காது, ஒரே பாடத்தை நூறு முறை கேட்டாலும் சலிக்காது. ஆகவே மொழி கற்பிக்க அதுவே தக்க ஆசிரியர் என்று பலர் சொல்கின்றனர். இக்கூற்று எவ்வளவு தூரம் சரி?

இம்முயற்சி புதியதன்று. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல், டொனால்ட் பிட்சர் என்ற பொறியியல் அறிஞர் 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறிக் கல்வி முறையை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் ரஷ்யன், பிரெஞ்சு, லத்தீன், இந்தி முதலிய மொழிகளுக்கும் அதில் பாடங்கள் எழுதப்பட்டன. மாணவர் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவுடன், எழுத்துப் பிழையுள்ள சொல்லையும் இடம் மாறிய சொல்லையும் அது சுட்டிக்காட்டும். 40 பேரின் நோட்டுகளைத் திருத்தும் ஆசிரியர் சில நாள் கழித்துச் சொல்வதை, அது உடனே சொல்லிவிட்டது. தவறு நினைவில் இருக்கும்போதே திருத்தம் கிடைப்பது பெரிய நன்மைதான்.

மறதியை வெல்லவும் கணிப்பொறி உதவுகிறது. புதிய சொல்லை ஒரே மூச்சில் பலமுறை உருப்போடுவதைவிட, இடைவெளி விட்டு நினைவுகூர்வதே பயன் தரும். 1967இல் பால் பிம்ஸ்லர் என்ற மொழியியலார் இதற்கு ஒரு கால அட்டவணையே தந்தார்: முதலில் 5 நொடி, அடுத்து 25 நொடி, பின் 2 நிமிடம், 10 நிமிடம் என இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக இப்படிக் கணக்கு வைக்க எந்த ஆசிரியரால் முடியும்? கணிப்பொறிக்கு இது எளிய வேலை. 2012இல் பொதுமக்களுக்கு வந்த 'டுவோலிங்கோ' போன்ற கைப்பேசிச் செயலிகளும் இத்தகைய கணக்கைப் பயன்படுத்துகின்றன.

இனிக் குறைக்கு வருவோம். உங்கள் விடை சரியென்று பொறிக்கு எப்படித் தெரியும்? பழைய முறையில், ஆசிரியர் முன்கூட்டியே எழுதி வைத்த விடைகளோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். தமிழ் கற்கும் ஒருவர், 'நான் நேற்று மதுரைக்குப் போனேன்' என்று எழுதலாம். 'நேற்று மதுரைக்குப் போனேன்' என்றும், 'மதுரைக்கு நேற்றுப் போயிருந்தேன்' என்றும் எழுதலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் அறிந்த பொறி மற்றவற்றைத் தவறு என்றுவிடும். இத்தொல்லையைத் தவிர்க்கப் பாடம் எழுதுவோர் கேள்விகளைச் சுருக்கினர்: நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு, கோடிட்ட இடத்தை நிரப்பு, கலைந்த சொற்களை வரிசைப்படுத்து!

மொழிக்கேற்பப் பொறியை வளர்க்காமல், பொறிக்கேற்ப மொழியை வெட்டினார்கள். கண்ணெதிரே உள்ள விடையை அடையாளம் காண்பது வேறு. மனத்திலுள்ளதைச் சொல்லாக்குவது வேறு. முன்னதில் எவ்வளவு மதிப்பெண் குவிந்தாலும், பின்னது தானாக வந்துவிடாது.

2022 நவம்பரில் வெளிவந்த 'சாட்ஜிபிடி' போன்ற உரையாடும் அமைப்புகள் இக்குறையைப் பெரிதும் போக்கின. எழுதி வைத்த விடைப் பட்டியல் அவற்றுக்குத் தேவையில்லை. நீங்கள் எப்படிச் சொன்னாலும் மறுமொழி வரும். ஆனால், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்தே அவை எழுதுகின்றன. ஆதலால் தவறான இலக்கண விளக்கத்தையும் தடுமாற்றமின்றிச் சொல்லிவிடும். புதிதாகக் கற்பவரால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. இன்னொன்று: உங்கள் அரைகுறை வாக்கியத்தையும் அவை பெரும்பாலும் புரிந்துகொள்கின்றன. கடைக்காரரோ, 'என்ன கேட்டீர்கள்?' என்பார். அப்போது வேறு சொல் தேடி, மாற்றிச் சொல்லிப் புரியவைக்கும் திறனும் மொழியறிவின் ஒரு பகுதியே. எளிதில் புரிந்துகொள்ளும் துணையிடம் அதற்குப் பயிற்சி குறைவு.

ஆகவே மாணவர்களே, கணிப்பொறியை ஒதுக்க வேண்டாம். அதை நல்ல பயிற்சித் துணையாகக் கொள்ளுங்கள். பாடம் முடிந்ததும் திரையை மூடிவிட்டு, கற்ற சொற்களை வைத்து உங்கள் வீட்டையும் தெருவையும் பற்றி ஐந்து வாக்கியங்கள் ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். ஐயமான விளக்கத்தை ஆசிரியரிடமோ அகராதியிலோ சரிபாருங்கள். சிரிப்புக்கு அஞ்சிப் பொறியிடம் போவதில் குற்றமில்லை. அங்கேயே தங்கிவிடாமல், பழகிய நாவோடு மனிதர்களிடம் திரும்பி வாருங்கள்.