மருதகாசியின் உழவுப் பாடல்கள்: சேலம் திரைக்களமும் உழைப்பின் சித்திரிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்பாடலாசிரியர் அ. மருதகாசி (1920–1989) உழவைப் பாடிய கவிஞராகப் போற்றப்படுகிறார். அப்போற்றுதல் அவருடைய பாடல்களுக்கிடையிலான வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது. 1957, 1958, 1967 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று உழவுப் பாடல்களை ஒப்பிட்டு, உழவன் பற்றிய சித்திரிப்பு தொழில்நுட்ப விவரத்திலிருந்து பொதுப் புகழ்ச்சிக்கு நகர்ந்ததை இக்கட்டுரை காட்டுகிறது. இப்பாடல்களைச் சேலம், நாமக்கல் சமவெளியின் திரைப்பட, தொழில் பின்னணியில் வைத்து மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: மருதகாசி, திரைப்பாடல், மாடர்ன் தியேட்டர்ஸ், உழவு, குமாரபாளையம், ஆசிரியத்துவம்

முன்னுரை

தமிழ்த் திரைப்பாடல் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கண்ணதாசன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஆகியோரை மையமாகக் கொண்டு அமைகின்றன. அவர்களுக்கு முன்னரே திரைக்கு எழுதத் தொடங்கி, அவர்களோடு இணையாக இயங்கிய மருதகாசிக்கு அவ்வாய்வுகளில் கிடைக்கும் இடம் குறைவு. அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. மேற்கோளுக்குரிய அறவுரைகளின் தொகுப்பாக அவருடைய பாடல்களை அணுகும் போக்கே இதற்கு முதன்மையான காரணம் எனலாம். பாடல் எந்தப் படத்தில், எந்தச் சூழலில், யாருடைய குரலாக எழுதப்பட்டது என்னும் வினாக்கள் அவ்வணுகுமுறையில் எழுவதில்லை.

சேலம் திரைக்களம்

அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் மேலக்குடிகாட்டில் பிறந்த மருதகாசி, பாபநாசம் சிவனின் உடன்பிறந்தாரான இராசகோபாலய்யரிடம் பயிற்சி பெற்றவர். நாடகப் பாடல்கள் எழுதிய அனுபவத்துடன் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை அடைந்தார். ஜி. இராமநாதன் இசையமைத்த ‘மாயாவதி’ (1949) அவருடைய முதற்படமாயிற்று.

1935இல் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி. ஆர். சுந்தரம், திருச்செங்கோட்டைச் சேர்ந்த துணி வணிகக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். ஓர் ஆலையின் ஒழுங்குடன் அவர் படப்பிடிப்பு நிலையத்தை நடத்தினார் என்பது திரை வரலாற்றில் பலராலும் குறிப்பிடப்படுவதாகும். எழுத்தாளர், இசையமைப்பாளர், நடிகர் எனப் பலரும் அங்குப் பணியாளராக இயங்கினர். மெட்டுக்குள் குறித்த கால எல்லையில் சொல்லைப் பொருத்தித் தரும் தொழில்முறைக் கவிஞராக மருதகாசி உருவானதற்கு இச்சூழலே அடிப்படை.

இதன் மறுபக்கம் ஆசிரியத்துவச் சிக்கலாகும். ‘மந்திரி குமாரி’ (1950) படத்திற்கு மருதகாசி, கா. மு. ஷெரீப் இருவரும் பாடல் எழுதினர். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய ‘வாராய் நீ வாராய்’ இன்றளவும் இருவர் பெயராலும் வழங்கிவருகிறது. பெயர்களைச் சேர்த்தே அறிவிக்கும் நிலைய வழக்கம் தனிப்பாடலின் உரிமையை மங்கச் செய்தது. எனவே ஒரு பாடலை மருதகாசியின் ‘கொள்கை’க்குச் சான்றாகக் காட்டுமுன், அது அவருடையதே என நிறுவுவது ஆய்வாளரின் முதற்கடமை. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் மூன்று பாடல்களும் ஆசிரியர் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை.

மணப்பாறை முதல் விருதுநகர் வரை

‘மக்களைப் பெற்ற மகராசி’ (1957) சங்ககிரியை அடுத்த அக்கமாபேட்டையைச் சேர்ந்த ஏ. பி. நாகராசன் எழுதிய படம். கொங்குத் தமிழை உரையாடலில் விரிவாகக் கையாண்டதற்காக அது அறியப்படுகிறது. அதற்கென மருதகாசி எழுதி, கே. வி. மகாதேவன் இசையில் டி. எம். சௌந்தரராசன் பாடிய ‘மணப்பாறை மாடு கட்டி’ என்னும் பாடல் உழவுப் பணிகளை வரிசைமுறையில் அடுக்குகிறது. மாடு, ஏர், விதை, நாற்று, நீர், அறுவடை, சந்தை, சேமிப்பு என்பது அவ்வரிசை.

ஒவ்வொரு பணியும் முன்னிலை ஏவலாக அமைகிறது. ‘போடு’ என்னும் துணைவினை திரும்பத் திரும்ப வந்து, ஒரு வேலை முடிந்து மறுவேலை தொடங்குவதை ஒலியளவில் உணர்த்துகிறது. உழவனைப் புகழும் அடைமொழி ஏதும் பாடலுக்குத் தேவைப்படவில்லை. வேலையின் ஒழுங்கே புகழாக நிற்கிறது.

இடப்பெயர்கள் மற்றொரு தளத்தில் இயங்குகின்றன. மணப்பாறை மாடு, மாயவரத்து ஏர், ஆத்தூர் கிச்சிலிச் சம்பா, மதுரை மாவட்டத்து அறுவடை ஆள்கள், பொள்ளாச்சிச் சந்தை, விருதுநகர் வணிகர் எனப் பொருளும் உழைப்பும் பயணம் செய்யும் வழிகள் பாடலில் இடம்பெறுகின்றன. மொழிவழி மாநிலச் சீரமைப்பு 1956 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த இப்பாடல், மூவேந்தர் பெருமையின் துணையின்றிச் சந்தையின் வழியாகவே தமிழ்நிலத்தின் வரைபடத்தைத் தீட்டுகிறது. உரையாடல் கொங்கு வழக்கில் அமைய, பாடல் எவ்வட்டாரத்தாரும் தமதாகக் கொள்ளத்தக்க பொதுப் பேச்சுத்தமிழில் அமைந்ததும் இதனோடு பொருந்துகிறது.

எனினும் பாடலின் எல்லையையும் சுட்ட வேண்டும். அறுவடைக்கு வெளியூர் ஆள்கள் வருகின்றனர். அவர்களுக்குரிய கூலி பற்றிய பேச்சில்லை. விற்ற பணம் தாயின் கைக்குச் சென்று குடும்பச் சேமிப்பாகிறது. பேசும் குரல் நிலமுடைய உழவனின் குரல் என்பது இதனால் தெளிவாகிறது.

புகழ்ச்சியை நோக்கிய நகர்வு

‘பிள்ளைக் கனியமுது’ (1958) படத்தின் ஏர்முனைப் பாடல் திருக்குறளின் உழவு அதிகாரக் கருத்தை எளிய தமிழில் தருகிறது. இதில் இடப்பெயர்களின் துல்லியம் பின்னகர்ந்து பொதுமை முன்வருகிறது. தேவர் பிலிம்ஸின் ‘விவசாயி’ (1967) தலைப்புப் பாடலில் இந்நகர்வு முழுமை பெறுகிறது. கடவுள் முதலாளியாகவும் உழவன் அவன் தேர்ந்த தொழிலாளியாகவும் அங்கு உருவகிக்கப்படுகின்றனர். எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்திற்கும், உணவுப் பற்றாக்குறை அரசியலை நிர்ணயித்த அக்காலத்திற்கும் இவ்வுருவகம் மிகப் பொருந்தியது.

ஆனால் முதலாளி என்னும் இடத்தைக் கடவுள் நிரப்பியதும், நிலவுடைமையாளர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார். கூலி கேட்டோர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணிக் கொடுமை அடுத்த ஆண்டு, 1968 டிசம்பர் 25இல் நிகழ்ந்தது. அதனை முன்னுணராமை பாடலின் குற்றமாகாது. உழவனை வணங்கும் மொழி வேளாண் தொழிலாளியைக் காணும் மொழியாகத் தானே ஆகிவிடாது என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைக்கும்போது உணரலாம்.

குமாரபாளையத்திலிருந்து ஒரு வாசிப்பு

காவிரியின் ஒரு கரையில் பவானியும் மறுகரையில் குமாரபாளையமும் அமைந்துள்ளன. நீண்டகாலம் சேலம் மாவட்டத் திருச்செங்கோடு வட்டத்தில் இருந்த குமாரபாளையம், கைத்தறியாலும் பின்னர் விசைத்தறியாலும் வளர்ந்த ஊர். சுந்தரத்தின் திருச்செங்கோடும் நாகராசனின் அக்கமாபேட்டையும் இதே சமவெளியில் உள்ளன. நெசவுத் தொழிற்கல்வி பெற்ற ஒருவரின் நிலையத்தில் தொழில் பழகிய பாடலாசிரியரின் புகழ்பெற்ற உழைப்புப் பாடல்களில், அச்சமவெளியின் தறி இடம்பெறவில்லை. ஆத்தூர் நெல் இடம்பெறுகிறது. பாவும் ஊடையும் இல்லை.

இவ்விடைவெளியைக் கவிஞரின் தனிக்குறையாகக் கொள்வது பொருந்தாது. உழவே தமிழ் வாழ்வின் முழுமை என்னும் இலக்கிய மரபும், உழவனையே மக்களின் குறியீடாகக் கொண்ட திரை மரபும் இணைந்து உருவாக்கிய விளைவு இது. உழைப்பாளரைத் திரைப்பாடல் போற்றியது எனப் பொதுவாகக் கூறும் ஆய்வு, எந்த உழைப்பாளரை என்று கேட்கத் தவறுகிறது. அவ்வினாவைத் தறியூரிலிருந்து எழுப்புவது எளிது.

முடிவுரை

மருதகாசியின் ஆற்றல் 1957ஆம் ஆண்டுப் பாடலில் உயர்நிலையை எட்டுகிறது. அங்குத் தொழிலறிவும் மொழியறிவும் ஒன்றையொன்று தாங்குகின்றன. 1967ஆம் ஆண்டுப் பாடல் பரவலில் வென்று துல்லியத்தை இழந்தது. இவ்வேறுபாட்டை ஏற்காத புகழுரைகள் அவருடைய சிறந்த பாடலுக்கே நீதி செய்வதில்லை. திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டு உறைகள், படங்களின் பெயர்ப்பட்டியல்கள் ஆகியவற்றைத் திரட்டிப் பாடல்வாரியாக ஆசிரியர் பெயரை உறுதிசெய்யும் பணியைச் சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். அத்தாள்கள் அழிந்தபின் அப்பணி இயலாததாகிவிடும்.