கண்முன் விழுங்கத்தான் வேண்டுமா?

ஊசி வழியாகப் போதை எடுப்பவர் ஹெபடைடிஸ் சி மருந்தைப் பாதியில் விட்டுவிடுவார் என்பது மருத்துவத் துறையில் ஊறிப்போன எண்ணம். அதைக் களத்திலேயே சோதித்தது சென்னை. டாக்டர் சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் தொண்டு நிறுவனம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 50 பேருக்கு அவர்கள் புழங்கும் இடத்திலேயே, பணியாளர் கண்ணெதிரே மருந்து கொடுத்தது. ஒரு பாதிக்கு சோஃபோஸ்புவிர், ரிபாவிரினோடு இன்டர்ஃபெரான் ஊசியும், 12 வாரம். மறு பாதிக்கு அந்த ஊசி இல்லாமல் 24 வாரம். படாதபாடு படுத்தும் இன்டர்ஃபெரானைப் போட்டுக்கொண்டவர்களே அதிகம் குணமானார்கள்.

முயற்சி பெரிது, அது நிறுவியது குறைவு. மருந்தும் காலமும் ஒருசேர மாறியதால் வெற்றி எதனால் என்று பிரிக்க முடியாது. கண்காணிப்பே இல்லாத குழு ஒன்றும் வைக்கப்படவில்லை. ஆகவே, இவர்களால் சிகிச்சையை முடிக்க முடியும் என்பதற்கு இது சான்று; தினமும் காவல் நிற்க வேண்டும் என்பதற்குச் சான்றல்ல.

2022-ல் வெளியான மின்மான் ஆய்வு நேரெதிர் வழியில் போனது. ஐந்து நாடுகளில் சுமார் 400 பேருக்கு 12 வார மாத்திரையும் முதல் நாளே மொத்தமாகக் கையில் தரப்பட்டது. இடையில் ரத்தப் பரிசோதனை கிடையாது. 95 விழுக்காட்டினர் குணமானார்கள். தலைமை ஆய்வாளர் சுனிதியின் மகன் சுனில் சாலமன். ஆனால் இந்தியா அதில் இல்லை. அப்போதும் போதை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிறுபான்மையே. தெருவில் படுப்பவர் மூன்று மாத மாத்திரையை எங்கே பத்திரப்படுத்துவார்?

உண்மையான அடைப்பு வேறிடத்தில். 15 இந்திய நகரங்களில் போதை ஊசி போட்டுக்கொள்வோரிடம் நடந்து, 2015-ல் வெளியான ஆய்வில், ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் இருந்தவர்களில் அதை முன்பே அறிந்திருந்தவர்கள் 5.5 விழுக்காடுதான். மருந்தோ 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். நோய் இருப்பதே தெரியாதவருக்கு இலவசத்தால் என்ன பயன்?

நோயைக் கண்டறியும் வசதிகளைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 1928 முதல் காசநோய் மருத்துவமனை இருக்கிறது. 2004-ல் எச்.ஐ.வி.க்கான நாட்டின் முதல் அரசு ஏ.ஆர்.டி. சிகிச்சை மையங்களில் ஒன்றும் அங்கேதான் வந்தது. காசநோய்க்குப் பயன்படும் ட்ரூநாட் கருவியில் சிப்பை மாற்றினால் ஹெபடைடிஸ் சி வைரஸையும் அளக்கலாம். போதைக்கு மாற்றாகத் தரப்படும் புப்ரினார்ஃபின் மருந்துக்காக தினமும் மையத்துக்கு வருபவரிடம் அங்கேயே ரத்தம் எடுத்து, முடிவு வந்ததும் அங்கேயே மாத்திரையைத் தொடங்கலாம்.

என் முடிவு: சமூக வழிச் சிகிச்சை வேண்டும், தினக் காவல் வேண்டாம். தங்க இடம் உள்ளவருக்கு மாத்திரையை மொத்தமாகக் கொடுங்கள். இல்லாதவருக்கு மையத்தில் வைத்து வாரந்தோறும் கொடுங்கள். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களில் பலர் எந்த மையத்திலும் பெயர் பதியாதவர்கள். அவர்களைத் தேடிக் களப்பணியாளர் போகத்தான் வேண்டும். குணமானவருக்கும் மீண்டும் தொற்றலாம். அதனால் புதிய ஊசி விநியோகத்தை இதே தேசியத் திட்டத்தின் செலவிலேயே சேர்க்க வேண்டும்.