அவன் கதையும் என் கதையும்

மதுவைப் பற்றிய தமிழ் மொழிகளை இரு கூறாகப் பிரிக்கலாம். குடிப்பவனைப் பற்றிப் பிறர் சொன்னவை ஒன்று. குடித்தவன் தானே சொன்னவை மற்றொன்று. முன்னது ஏடுகளை நிறைத்திருக்கிறது. பின்னதோ மாலை வேளைகளில் பங்கு மன்றங்களிலும் பள்ளி அறைகளிலும் பேசப்பட்டு, எழுதப்படாமலே காற்றில் கலந்துவிடுகிறது. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ எனப்படும் ஏ.ஏ. கூட்டங்களில் ஒலிக்கும் அப்பேச்சையும் ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு எடைபோடுவது தகும்.

முதல் வகைக்கு நம் சேலம், நாமக்கல் சமவெளி ஒரு முக்கியத் தளம். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து 1929-இல் ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழ் தோன்றியது. கல்கி அதில் அவருக்குத் துணைநின்று கதைகளும் எழுதினார். 1937 அக்டோபர் 1 அன்று, இராஜாஜியின் அமைச்சரவை அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. எழுத்து சட்டத்திற்கு முன்னோடியாய் நின்ற அரிய நிகழ்ச்சி இது. ஆயினும் பிரசார எழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதில் குடிப்பவன் என்றும் ‘அவன்’தான். நாம் அவனைப் பார்க்கிறோம், இரங்குகிறோம், அஞ்சுகிறோம். அவன் நம்மைப் பார்ப்பதில்லை. சட்டத்தின் கதையும் நாமறிந்ததே. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடமே இருக்கிறது.

இவ்வெல்லையை வள்ளுவர் முன்பே கண்டார். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதி இரு குறள்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குடிமயக்கத்தில் இருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது என்கிறது முந்தையது. தான் குடிக்காத வேளையில், குடித்துச் சோர்ந்த இன்னொருவனைக் காண்பவன் தன் சோர்வை எண்ணிப்பார்க்க மாட்டானா என வினவுகிறது பிந்தையது. அறிவுரை தோற்ற இடத்தில் கண்ணாடி வேலை செய்யக்கூடும் என்பதே இவ்வரிசையின் பொருள் எனலாம்.

1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் கண்டதும் இதுவே. இருவரும் குடிநோயாளிகள். ஒருவர் தம் கதையைச் சொல்ல, மற்றவர் அதில் தம்மைக் கண்டார். அச்சந்திப்பிலிருந்து பிறந்த ஏ.ஏ. 1957-இல் இந்தியாவில் வேர்விட்டது. அதன் கூட்டத்தில் சொல்லப்படும் கதைக்கு மூன்று பகுதிகள்: முன்பு எப்படி இருந்தேன், என்ன நேர்ந்தது, இன்று எப்படி இருக்கிறேன். கேட்பவர் இடைமறிப்பதில்லை, தீர்ப்பிடுவதில்லை. வள்ளுவரின் கண்ணாடி வீழ்ச்சியை மட்டும் காட்டியது. இக்கண்ணாடி எழுச்சியையும் காட்டுகிறது. வாரந்தோறும் ஒரே கதையா எனக் கேட்கலாம். புதுமையை மட்டும் நாடும் திறனாய்வுக்கு அது குறையே. செபமாலை சொல்லிப் பழகியவர்களுக்கோ, திரும்பச் சொல்வதன் ஆற்றலை விளக்க வேண்டியதில்லை.

கத்தோலிக்க மரபுக்கு இவ்வடிவம் அந்நியமன்று. புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலில், தம் அன்னை மோனிக்கா சிறுமியாயிருந்தபோது திராட்சை இரசத்தைச் சிறிது சிறிதாய்ச் சுவைக்கப் பழகியதைக் கூறுகிறார். அப்பழக்கத்தை முறித்தது, கிடங்குக்கு அவருடன் சென்றுவந்த பணிப்பெண் சினத்தில் வீசிய ஒரு சொல். பெற்றோரின் கண்டிப்பன்று, உடன் சென்றவளின் சொல்லே தைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஏ.ஏ.யின் பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு வியந்தவர் எட்வர்ட் டௌலிங் என்னும் இயேசு சபைக் குரு. எனினும் வேறுபாட்டை மறைக்கலாகாது. குற்றங்களை மற்றொருவரிடம் திறந்து சொல்லும் ஐந்தாம் படி ஒப்புரவு அருட்சாதனம் ஆகாது. அங்கே பாவமன்னிப்பு வழங்கப்படுவதில்லை.

குறைகளும் உண்டு. பெயர் மறைத்தல் பெருநகரில் எளிது. ஒருவர் வண்டி நிற்கும் இடத்தை ஊரே அறியும் சிற்றூரில் அரிது. பெண்ணின் குடிக்கு நம் ஊர்களில் நாணம் இரு மடங்காதலால், அவள் கதை இன்னும் அரிதாகவே கேட்கிறது. குடிநோயாளியின் குடும்பத்தினருக்கென 1951-இல் உருவான அல்-அனான் பற்றி அறிந்தவர் நம்மிடையே சிலரே. பலநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம்; அவருக்குக் கதைக்கு முன் மருத்துவர் தேவை.

கூட்டத்தைத் தேடுபவர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, 14446 என்னும் தேசிய உதவி எண்ணிலோ வழி கேட்கலாம். கட்டணமில்லை; குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி. நாமக்கல்லிலிருந்து பல மாநிலங்களுக்குச் செல்லும் லாரி ஓட்டுநர், சென்று சேரும் நகரிலும் ஒரு கூட்டத்தைத் தேடிக்கொள்ளலாம்.

மறையுரையில் குடியைக் கண்டிப்பது பங்குகளுக்குப் பழகிய பணி. அது தொடரட்டும். அதனோடு வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், மறைக்கல்வி அறையின் சாவியைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பதும் பணியே. இதுவரை ‘அவன்’ என்று நாம் எழுதிவந்தவர் அங்கே ‘நான்’ என்று பேசத் தொடங்குவார்.