ஒன்பது வயது மனுதாரர்

2018 நவம்பர் 16இல் கஜா அடித்தபோது என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. வேதாரண்யத்தில் ஓடு பறந்த வீட்டு வாசலில், நனைந்த பாடப்புத்தகங்களை வெயிலில் விரித்துவைத்துக் காவல் இருந்தாள். அதே ஒன்பது வயதில்தான் உத்தராகண்டின் ரிதிமா பாண்டே 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டாள்: பருவநிலை மாற்றத்துக்கு எதிராக அரசு போதுமானதைச் செய்யவில்லை, நாட்டுக்கு ஒரு கார்பன் பட்ஜெட் போடச் சொல்லுங்கள் என்று. 2019 ஜனவரி 15 அன்று தள்ளுபடி. கஜா வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

உத்தரவைப் படித்தேன். ரொம்பச் சின்னது. பாரிஸ் ஒப்பந்தம் அரசின் கொள்கைகளில் இடம்பெறவில்லை என்று கருதக் காரணமில்லை என்கிறது. எங்க வேலையில் டெஸ்ட் ஓட்டாமல் ‘கோடு சரியாத்தான் இருக்கும்’ என்றால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க. அந்தப் பிள்ளை கேட்டதே டெஸ்டைத்தான். கார்பன் பட்ஜெட் வேறென்ன?

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகளில் உண்டு என்றது. நண்பர்கள் கொண்டாடினார்கள். எனக்கு மனசு ஒட்டவில்லை. அது கானமயில் வழக்கு. பறவை மோதிச் சாகாமலிருக்க மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கச் சொன்ன 2021 உத்தரவை, சூரிய மின்சாரத்துக்காகத் தளர்த்தும்போது எழுதிய வரிகள் அவை. தளர்த்தக் கேட்டது அரசு. (சூரிய மின்சாரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை.)

அக்கா மகளிடம் இதை விளக்கினேன்.

“அப்ப அந்தப் பொண்ணு கேட்ட கணக்கு என்னாச்சு மாமா?” என்றாள்.