துப்பாக்கி யாருடைய நெற்றியில்?

2012 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஓர் அரசியல் பிரதியாக வாசிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. 2010ல் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செல்லுமா என்பது வழக்கு. நோய்நொடி பற்றிய சட்டம்தான். ஆனால் வாதம் பெரும்பாலும் சந்தை, வரி, மாநில உரிமை என்றே ஓடுகிறது.

முதல் பாதி பலருக்கும் தெரிந்த கதை. காப்பீடு வாங்கு, வாங்காவிட்டால் அபராதம் கட்டு என்றது சட்டம். அப்படியானால் ப்ராக்கோலி வாங்கவும் கட்டாயப்படுத்தலாமே என்று விசாரணையில் கேட்டார் நீதிபதி ஸ்காலியா. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கயிற்றின்மேல் நடந்தார். வணிகத்தில் இறங்கியவனை ஒழுங்குபடுத்தலாம், சும்மா இருப்பவனை இறங்கு என்று சொல்ல முடியாது. ஆகவே வணிக அதிகாரத்தின் கீழ் இது செல்லாது. அபராதத்தை வரி என்று கொண்டால் செல்லும். ஆனால் வரி கட்டுமுன் வழக்குப் போடக்கூடாது என்கிற 1867ஆம் வருடச் சட்டம் குறுக்கே வந்தபோது மட்டும் அது வரி இல்லை. ஒரே தீர்ப்பில் ஒரே காசு வரியாகவும் இருக்கிறது, வரியாக இல்லாமலும் இருக்கிறது. ஐந்துக்கு நான்கு என்று சட்டம் பிழைத்தது.

குறி, குறிப்பான் என்று பேசுகிற நம் நண்பர்களுக்கு இது நல்ல தீனி. எனக்கென்னவோ எதிரெதிர் அணிகள் இரண்டும் ஒத்துப்போன இடம்தான் உறுத்துகிறது. மருத்துவம் என்பது காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. வாங்குபவனைக் கட்டாயப்படுத்தலாமா என்பதுதான் சண்டை. இந்தக் கட்டாயக் காப்பீட்டு யோசனையை 1989ல் முன்வைத்ததே ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்கிற வலதுசாரி அமைப்பு என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

இரண்டாம் பாதியைத்தான் நாம் அதிகம் பேசவில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்டு 1965ல் வந்த திட்டம். மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும், மாநிலம் நடத்தும். வறுமைக்கோட்டின் 133 சதவீதம்வரை வருமானமுள்ள வயதுவந்தோர் எல்லோரையும் இதில் சேர்க்கச் சொன்னது 2010 சட்டம். 2014 முதல் மூன்று வருடம் முழுச் செலவும் மத்திய அரசுடையது. பிறகு அது 90 சதவீதம்வரை இறங்கும். மறுக்கிற மாநிலம் பழைய மெடிகெய்டுப் பணத்தையும் இழக்கலாம். இது கட்டாயப்படுத்தல் என்றார்கள் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர். மாநிலத்தின் தலையில் வைத்த துப்பாக்கி என்று உருவகம் போட்டார் ராபர்ட்ஸ். சேர்வதும் சேராததும் மாநிலத்தின் இஷ்டம் என்றாயிற்று.

இந்த உருவகத்தைச் சும்மா விட்டுவிடக்கூடாது. மாநிலத்துக்குத் தலை உண்டு, பயம் உண்டு, மானம் உண்டு. சர்க்கரை வியாதியோடு வேலைக்குப் போகிற ஆளுக்கு இந்த உருவகத்தில் இடமில்லை. டெக்ஸாஸ், மிஸிஸிப்பி, அலபாமா போன்ற தென்மாநிலங்கள் மறுத்தன. காப்பீடு வாங்க அரசு தரும் மானியமோ வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குத்தான். கீழே உள்ளவர்களுக்கு மெடிகெய்டு கிடைத்துவிடும் என்று நம்பி எழுதப்பட்ட சட்டம் அது. விளைவு? கொஞ்சம் சம்பாதிப்பவனுக்கு உதவி, அதைவிட இல்லாதவனுக்கு ஒண்ணுமில்லை. இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்களில் கறுப்பர்களும் ஹிஸ்பானியர்களும் அவர்கள் மக்கள்தொகை விகிதத்துக்கு மிஞ்சி இருந்தார்கள்.

தென்மாநில மருத்துவமனைகளில் கறுப்பர்களுக்குத் தனி வார்டு இருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின்படி, பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு மத்திய அரசுப் பணம் கிடையாது. 1966ல் முதியோருக்கான மெடிகேர் தொடங்கியபோது, அந்தப் பணம் வேண்டுமா, நிறப்பிரிவினையை விடு என்றார்கள். நீதிபோதனை அசைக்காததைப் பணத்தை நிறுத்துவோம் என்ற மிரட்டல் அசைத்தது. பெரும்பாலான மருத்துவமனைகள் சில மாதங்களில் வழிக்கு வந்தன. அன்றைய தென்மாநில அரசியலின் கேடயமும் மாநில உரிமைதான்.

அது புதுத் திட்டத்துக்கான நிபந்தனை, இது பழைய பணத்தைப் பறிப்பது என்று வக்கீல் நண்பர்கள் சொல்வார்கள். சட்டப்படி வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. 1974ல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டவர்கள் நாம். மாநில உரிமை என்றதும் நம் காது குளிர்ந்துபோகும். டெல்லிக்கு எதிராக மாநிலம் பேசுவது ஒன்று. தன் எல்லைக்குள் இருக்கும் ஏழையின் வாயை அடைத்துவிட்டு அவன் பெயரிலும் சேர்த்து மாநிலம் பேசுவது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே சொல்தான் வழக்கில் இருக்கிறது என்பதே ஆபத்து.

அந்த ஊர் ஜனங்கள் இதைக் கண்டுகொண்டார்கள். 2017ல் மெய்ன் மாநிலத்தில் பொதுவாக்கெடுப்பு நடத்தி மெடிகெய்டு விரிவாக்கத்தைக் கொண்டுவந்தார்கள், ஆளுநர் இழுத்தடித்தார். 2020ல் மிசோரி வாக்காளர்கள் அதையே செய்தார்கள். சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது, 2021ல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டிவந்தது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குக் காரணமான அபராதமோ 2017ல் போட்ட சட்டத்தால் 2019 முதல் பூஜ்யமாகிவிட்டது. இனி மொத்தச் சட்டமும் செல்லாது என்று டெக்ஸாஸ் தலைமையில் போட்ட வழக்கை, வழக்குப் போடும் தகுதியே உங்களுக்கு இல்லை என்று 2021ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது.

மிசோரியில் வாக்குப் போட்டவர்கள் மாநிலமா, பணம் ஒதுக்க மறுத்தவர்கள் மாநிலமா? துப்பாக்கி பற்றிப் பேசுமுன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், அங்கே மட்டுமல்ல.