நீண்ட உரையாடலில் தெரியும் ஆஸ்திரேலியா

தம் நாட்டில் பெயர் பெற்றோரை அமர வைத்து, அவர்தம் வாழ்வை அவர் வாயாலேயே கேட்பது ஆஸ்திரேலியருக்கு ஒரு தனி இலக்கிய வடிவமாகவே ஆகிவிட்டது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இவ்வகை உரையாடல்கள் ஏராளமாக வந்துள்ளன. அவற்றுள் ‘ஃபிலிம் ஆஸ்திரேலியா’ என்னும் அரசுத் திரைப்பட நிறுவனம் 1991இல் தொடங்கிப் பல்லாண்டுகள் உருவாக்கிய ‘ஆஸ்திரேலியன் பயோகிராஃபி’ என்ற வரிசையை முதலில் வைத்து எண்ணத் தோன்றுகிறது. விமான ஓட்டி, அணு விஞ்ஞானி, அரசியல்வாதி, கவிஞர், நீதிபதி, பூர்வகுடித் தலைவர் எனப் பலதரப்பட்டோர் அதில் பேசினர். பலரிடம் கேள்வி கேட்டவர் ராபின் ஹியூஸ் என்ற அம்மையார். திரையில் ஒளிபரப்பானது அரைமணி நேரமே. ஆனால் உண்மையான உரையாடலோ பல மணி நேரம் நீண்டது. அதன் முழு எழுத்துப் படிவமும் பொதுமக்கள் படிப்பதற்கெனப் பேணப்பட்டது. இக்கட்டுரையாளருக்கு அந்த அரைமணியைவிட அந்த எழுத்துப் படிவமே பெரிது. தொகுப்பாளரின் கத்தரிக்கோலுக்குத் தப்பிய தயக்கங்களும், ஒரே செய்தியை மனிதர் இருமுறை இருவிதமாய்ச் சொல்லும் இடங்களும் அதில்தான் காணக் கிடைக்கின்றன.

ராபின் ஹியூஸ் தம்மை முன்னிறுத்திக் கொள்வதில்லை. பேசுபவரோடு வாதாடுவதும் இல்லை. ஆயினும் அவர் கேள்விகள் மென்மையானவை அல்ல. ‘அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்டு அழுகையை வரவழைக்கும் எளிய வழியை அவர் அதிகம் நாடுவதில்லை. யார், எங்கே, என்ன வேலை, என்ன கூலி என்று வாழ்வின் அடிப்படையிலிருந்து தொடங்குகிறார். பிறப்பிலிருந்து முறையாக நடக்கும் இப்போக்கு சில நேரங்களில் சலிப்பூட்டும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பிறந்த நாளே அறியாத ஒருவரிடம் அம்முறையின் ஆற்றல் புலப்படுகிறது.

லோயிட்ஜா ஓ'டோனஹ்யூ அத்தகையவர். தென் ஆஸ்திரேலியாவின் வடகோடிப் பாலைவெளியில் பூர்வகுடித் தாய்க்கும் அயர்லாந்து வழிவந்த தந்தைக்கும் பிறந்தவர். இரண்டு வயதில் தாயிடமிருந்து அகற்றப்பட்டு, மறைபரப்பாளர் நடத்திய கோல்புரூக் இல்லத்தில் வளர்ந்தார். 1932 ஆகஸ்டு 1 என்ற பிறந்த நாள் அங்கிருந்தோர் அவருக்குக் குறித்தது; லோயிஸ் என்ற பெயரும் அவ்வாறே வந்தது. தாயின் முகத்தை மீண்டும் காண அவருக்கு 33 ஆண்டுகள் ஆயின. கூபர் பீடி என்ற சுரங்க ஊரில் அவர் பணியாற்றியபோது, முகச்சாயலைக் கொண்டு உறவினர் அவரை அடையாளம் கண்டனர். அதன் பிறகே தாய் ஊட்னடாட்டாவில் இருப்பது தெரிந்தது. சந்தித்தபோது தாயின் மொழி மகளுக்குத் தெரியவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்த இருவருக்குப் பேசிக்கொள்ள ஒரு மொழி இல்லை என்ற இச்செய்தியை விளக்கவுரை எதுவும் வளப்படுத்த முடியாது. 

அவர் அடிலெய்டில் செவிலியர் பயிற்சிக்காகப் போராடி இடம் பெற்றதும், 1984இல் ‘ஆண்டின் ஆஸ்திரேலியர்’ ஆனதும், 1990 முதல் 1996 வரை பூர்வகுடியினர் ஆணையத்தின் தலைவராய் இருந்ததும் பலர் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று நம் நாட்டைத் தொட்டுச் செல்கிறது. பாப்டிஸ்ட் மறைப்பணியின் செவிலியராக அவர் அசாமில் பணிபுரிந்தார். 1962இல் சீனப் போர் மூண்டதால் கல்கத்தா வழியாகத் தாயகம் திரும்பினார். தம் நாட்டில் வாக்குரிமைக்கும் வேலைக்கும் கெஞ்சி நின்ற இனத்தின் மகள், இன்னொரு நாட்டின் நோயாளிகளுக்கு ‘ஆஸ்திரேலியச் செவிலி’யாகவே தெரிந்திருப்பார். நாட்டுரிமை என்பது எல்லைக்கு வெளியே எளிதாகக் கிட்டுகிறது. உள்ளே கிட்டுவதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

நேர்காணல் என்ற வடிவத்தின் ஆபத்தையும் இதே அம்மையாரின் வாழ்வு காட்டியது. 2001 பிப்ரவரியில் மெல்பர்ன் நாளேட்டுப் பத்தி எழுத்தாளர் ஒருவரிடம் பேசும்போது, தம்மைக் குறிக்க ‘களவாடப்பட்ட’ என்பதைவிட ‘அகற்றப்பட்ட’ என்ற சொல்லையே விரும்புவதாக அவர் கூறினார். அவர் தம் தந்தையின் பங்கையும் மனத்தில் கொண்டு, ஒரு மகளுக்குரிய நேர்மையோடு தேர்ந்த சொல் அது. மறுநாள் அது, களவாடப்பட்ட தலைமுறைகள் என்ற வரலாறே மிகை என்பார்க்குக் கிடைத்த ஆயுதமாயிற்று. பிரதமரும் அதை முக்கியமான செய்தி என்றார். ஹியூஸிடம் பல மணி நேரம் விரிந்த அதே வாழ்வு, அங்கே ஒற்றைச் சொல்லாகக் குறுகித் தலைப்புச் செய்தியாயிற்று. கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதே பதிலின் பொருளைத் தீர்மானிக்கிறது என்று திறனாய்வாளர் சொல்வதுண்டு. அதற்கு இதைவிடத் துன்பமான சான்று தேவையில்லை. 2008இல் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டதைக் கண்ட அவர், 2023 அக்டோபரில் பூர்வகுடியினர்க்கு ஓர் ஆலோசனைக் குரல் தரும் திருத்தத்தை ஆறு மாநிலங்களும் மறுத்த சில திங்களில், 2024 பிப்ரவரியில் காலமானார்.

டொனால்டு ஹோர்னும் இவ்வரிசையில் பேசியவர். 1964இல் அவர் எழுதிய நூலின் பெயரில் உள்ள ‘அதிர்ஷ்ட நாடு’ என்பது, இரண்டாந்தர மனிதர் ஆளும் நாடு அதிர்ஷ்டத்தால் பிழைக்கிறது என்ற ஏளனம். நாட்டினரோ அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு விளம்பரம் வரை பயன்படுத்தினர். தம் சொல்லே தம்மைக் கைவிட்டதைக் கண்டு அவர் எரிச்சலடைந்தது நியாயமே.

இனி டாம் யூரென். இவ்வரிசையில் தமிழ் வாசகர் நின்று படிக்க வேண்டியவர் இவர். 1921இல் சிட்னியின் பால்மெயின் பகுதியில் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்து, குத்துச்சண்டை வீரராய் வளர்ந்து, 1942இல் திமோரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார். சயாம்–பர்மா ரயில் பாதையில் ஹின்டாக் முகாமில் வேலை செய்தார். அங்கே தலைவராயிருந்த மருத்துவர் ‘வியரி’ டன்லப் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். அதிகாரிகளும் மருத்துவ உதவியாளர்களும் பெற்ற படிப்பணத்தின் பெரும்பகுதி பொதுநிதியில் சேர்ந்தது. அதைக் கொண்டு வெளி வணிகரிடம் மருந்தும் உணவும் வாங்கி நோயாளருக்குத் தந்தனர். ஒரு சிற்றோடைக்கு அப்பால் நானூறு ஆங்கிலேயர் வந்து தங்கினர். அவர்தம் அதிகாரிகள் படிப்பணத்தையும் நல்ல கூடாரங்களையும் தமக்கே வைத்துக்கொண்டனர். ஆறு வாரங்களில் ஏறத்தாழ ஐம்பது பேரே நடந்து வெளியேறினர் என்பது யூரென் தரும் கணக்கு. நாடாளுமன்றத்தில் புகுந்த நாள் முதல் 2015இல் இறக்கும் வரை அவர் அரசியலுக்கெல்லாம் இதுவே மூலம்.

பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்து பளபளப்பான கதை இது. இவ்வளவு செம்மையாக அமைந்த ஒப்புமையைக் கேட்கையில் சற்று ஐயமும் எழத்தான் செய்கிறது. வேறு முகாம்களில் வேறு நிலைமைகளும் இருந்தன. ஆயினும் யூரென் என்ன சொல்கிறார் என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். ‘ஆஸ்திரேலியர் நெஞ்சுரம் மிக்கவர், ஆதலால் பிழைத்தோம்’ என்பதன்று அவர் கூற்று. பகிர்ந்துகொண்டோம், ஆதலால் பிழைத்தோம் என்பதே. அவர் பேசுவது ஓர் ஏற்பாட்டைப் பற்றி. பின்னாளில் நாடு இதை மாற்றிக்கொண்டது. ‘தோழமை’ என்பது ஆஸ்திரேலிய இரத்தத்தில் ஊறிய குணம் என்றாயிற்று. 1999 மார்ச்சில் பிரதமர் ஜான் ஹோவர்டும், கத்தோலிக்கக் கவிஞரான லெஸ் மரியும் அரசியலமைப்பு முகவுரைக்கு எழுதிய வரைவில் அச்சொல்லையே புகுத்தினர். எதிர்ப்பால் அது நீக்கப்பட்டது. முகவுரையும் அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்கில் தோற்றது.

குணம் என்று கொண்டால் ஒரு கேள்விக்கு விடை இல்லாமற் போகும். அதே 415 கிலோமீட்டர்ப் பாதையில் வேலை செய்த ஆஸ்திரேலியச் சிறைக்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். இறந்தவர் ஏறத்தாழ 2,800. ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்பர். இவர்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழர் பெருந்தொகையினர். பால்மரக் காட்டில் விடியுமுன் எழுந்து உழைத்துப் பழகிய அம்மக்களுக்கு நெஞ்சுரம் குறைவு என்று எவரும் சொல்ல மாட்டார். அவர்களுக்கு இல்லாதவை டன்லப் போன்ற மருத்துவர், படிப்பணம், கணக்குப் பேணும் அதிகாரி, ஒரு படையின் ஒழுங்கு. வாந்திபேதி 1943இல் பரவியபோது காய்ச்சிய நீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டு அதை நடத்திக் காட்ட ஆளில்லை. யூரெனின் வாதம் உண்மையானால், இத்தமிழரின் சாவே அதற்கு மிகப் பெரிய சான்று. ஆனால் தேசியப் பெருமிதமாகச் சொல்லப்படும் ஆஸ்திரேலியக் கதையில் அவர்கள் பின்புலத்து நிழல்களாகவே வருகின்றனர்.

கஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் உண்டு. இவர்களுக்கு அங்கே இல்லை. ஹெல்ஃபயர் கணவாயில் 1998இல் ஆஸ்திரேலிய அரசு அருங்காட்சியகம் திறந்தது. நமக்கோ மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற ஒரு சில புதினங்களே உள்ளன. உயிரோடு திரும்பிய தோட்டத் தொழிலாளியை எதிரில் அமர வைத்து, பிறப்பிலிருந்து தொடங்கிப் பல மணி நேரம் கேள்வி கேட்ட ஒரு ராபின் ஹியூஸ் நம்மிடையே காலத்தில் தோன்றியிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்! இதை ஆஸ்திரேலியர் மீது குறையாகச் சொல்வதைவிட, தமிழ்ப் பத்திரிகைகளின் மீது சொல்வதே முறை.

ஹியூஸின் முறைக்கு நேர் எதிரானது 2016 முதல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்த ஆன் டோவின் நிகழ்ச்சி. நகைச்சுவைக் கலைஞரும் ஓவியருமான அவர், விருந்தினரின் உருவத்தைத் தீட்டிக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். முடிவில் ஓவியம் திறக்கப்படும். விருந்தினர் கண் கலங்குவார். நல்ல மனத்தோடு செய்யப்படுவதுதான். ஆனால் துன்பம், விடாமுயற்சி, வெற்றி என்ற மூன்று படிகளில் எல்லா வாழ்வும் ஏறி முடிகின்றன. வெற்றியில் முடியாத வாழ்வுக்கு அந்த ஏணியில் இடம் இல்லை. அவர் 2017இல் தீட்டிய ஜாக் சார்ல்ஸ் என்ற பூர்வகுடி நடிகரின் உருவம் ஆர்ச்சிபால்டு போட்டியில் மக்கள் பரிசு பெற்றது. தடித்த வண்ணத்தில் அம்முகத்தின் சுருக்கங்களைப் பார்க்கையில், நிகழ்ச்சியின் பேச்சைவிடத் தூரிகை அதிகம் கேட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது.

அந்த ஓவியர் வியட்நாமிலிருந்து படகில் தப்பி 1980இல் ஆஸ்திரேலியா சேர்ந்த குடும்பத்தின் பிள்ளை. நாடு அக்குடும்பத்தை ஏற்றது. பின்னர் அவரைக் கொண்டாடியது. 2013 ஜூலைக்குப் பின் படகில் வருவோர் எவரும் அங்கே குடியமர முடியாது என்பது அரசின் விதி. அதற்கு முன் வந்தவர்களின் நிலையும் எளிதாக இல்லை. குயின்ஸ்லாந்தின் பிலோயீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் அதிகாரிகள் விடியற்காலையில் அழைத்துச் சென்றனர். கிறிஸ்துமஸ் தீவுக் காவலும் நீதிமன்ற வழக்குகளும் கடந்து, அக்குடும்பம் அவ்வூருக்குத் திரும்பியது 2022 ஜூனில். அவர்களுக்காக நான்காண்டுகள் விடாது குரல் கொடுத்தவர்கள் புகழ்பெற்றோர் அல்லர். இறைச்சித் தொழிலும் நிலக்கரியும் உள்ள அவ்வூரின் சாதாரண அண்டை வீட்டார். ‘தோழமை’ என்ற சொல்லுக்கு யூரென் கொடுத்த பொருளை அறிய விரும்பும் எதிர்கால நேர்காணலாளர் அவர்களிடமிருந்து தொடங்கலாம்.